அம்மாவின் கூட்டுக் கணக்கும் மகாநதியும்

வீட்டில் கூட்டு, அதாவது மாதச் சீட்டு, நடத்துகிற அம்மாவோ அத்தையோ இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடத்துகிறவருக்குத் திடீரென்று ஒன்று ஆகிவிட்டால் மறுநாள் வாசலில் யார் வந்து நிற்பார்கள், என்ன கேட்பார்கள், சட்டம் எந்த இடத்தில் குறுக்கே வரும் என்றெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் ஏழெட்டு மாதத் தூக்கமும் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும். நடுவில் ஒரு பழைய படமும் வருகிறது. அது எப்படி உள்ளே நுழைந்தது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கூட்டு என்பது ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), அறுபது வெள்ளி விஷயம். சம்பள நாள் எல்லாருக்கும் ஒரே நாள். கிராணி ஆபீஸில் வாங்கிய காசு அன்று சாயந்திரமே அம்மாவின் மைலோ டின்னுக்குள் வந்துவிடும். குலுக்கிப் போட்டு யார் பேர் வருகிறதோ அவருக்கு அந்த மாதம் முழுப் பணமும் போகும். பிள்ளைக்குப் பள்ளிக்கூட உடுப்பு, தீபாவளிச் சாமான், ஊருக்குப் போகக் கப்பல் காசு என்று எத்தனையோ காரியம் அதில் நடந்தது. பணத்தை எடுத்த பிறகு கட்டாமல் விட்டவர் என்று யாரும் இருந்ததில்லை. எப்படி இருக்க முடியும்? விடிந்தால் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், அதே முகங்கள் பக்கத்தில் நிற்கும். ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரே கோயிலில் திருவிழாவுக்கு வரி கட்ட வேண்டும். அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. லயம் காலியானது. ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் மலிவு விலை வீடு, ஆளுக்கொரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் கூட்டு மட்டும் நிற்கவில்லை. ஐம்பது நூறாகி, நூறு முந்நூறாகி, வாட்ஸ்அப்பிலும் ஏறிவிட்டது.

2024 ஜனவரியில் ஆரம்பித்தது அம்மாவின் கடைசிக் கூட்டு. இருபது பேர், ஆளுக்கு மாதம் 300 வெள்ளி. மாதம் 6,000. முதல் மாதப் பணம் நடத்துகிறவருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதை வைத்து அம்மா வீட்டுக் கூரையை மாற்றினார். செப்டம்பர் வரை ஒன்பது பேர் எடுத்துவிட்டார்கள், அம்மாவையும் சேர்த்து. அந்த மாதக் கடைசியில் ஒரு காலை நேரம் குளியலறைக்குப் போனவர் அங்கேயே சரிந்தார். பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடி வாங்கியதால் வலது கையும் காலும் போய், பேச்சும் போய்விட்டது. சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்ல வார்த்தை வரவில்லை. எனக்கு ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை. அக்கா கிள்ளான் பக்கம், தம்பி சிங்கப்பூர். வீட்டில் அம்மாவோடு நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அழைத்து வந்த வாரமே முதல் ஆள் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அம்மா கையைப் பிடித்து அழுதுவிட்டு, போகும்போது கேட்டருகே நின்று மெதுவாக, "அடுத்த மாசம் என் பேர் வரும்னு அக்கா சொல்லியிருந்தாங்க, என்ன செய்றதுன்னு தெரியலம்மா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அன்றைக்கு. பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முன்னால் பணம் வேண்டும் என்பது எல்லாருடைய கணக்கு. அனுதாபத்தோடு வந்தவர்கள் இரண்டாம் தடவை வரும்போது உட்காரவில்லை. "உங்கம்மா நல்லவங்கதான், நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க காசு?" இந்த வாக்கியத்தை எத்தனை விதமான குரலில் கேட்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

கணக்கு இருந்தது ஒரு 555 புத்தகத்தில். சட்டைப் பையில் வைக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தை இங்கே தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அம்மா எழுதியிருந்த பெயர்கள்: பச்சை கேட். டிரைவர் வீடு. சின்ன மீன். பழைய ஆறாம் நம்பர். ஃபோன் நம்பர் கிடையாது, முழுப் பெயர் கிடையாது. யார் எந்த மாதம் எடுத்தார் என்பதற்கு ஒரு சுழி போட்டிருந்தார், சில இடத்தில் சுழிக்கு மேல் கோடு. கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கூட்டு நடந்தால் இன்றைக்கு ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பெயர், ஃபோன் நம்பர், எடுத்த மாதம், கட்டிய தொகை இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதைக் கேட்பதை அவர்கள் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். பரவாயில்லை. ஒரு சண்டையோடு முடியும். எனக்கு அந்தப் பட்டியலைத் தயாரிக்க வாரக்கணக்கில் ஆனது. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர்தான் வழி காட்டினார். பேச்சு போனவரிடம் "இது யாரும்மா?" என்று கேட்டால் பதில் வராது, அழுகைதான் வரும். "பச்சை கேட் என்றால் கோயில் பக்கத்து வீடா?" என்று ஆமாம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்வியாகக் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பெயர். காலையில் கேட்டால் நல்லது, மாலையில் களைத்துப் போவார்கள். வாட்ஸ்அப் படத்தைக் காட்டிக் கேட்டால் இன்னும் சுலபம்.

இரண்டாவது, வங்கி. அம்மாவின் சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தது. அதை அம்மா பெயரில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. அட்டையின் ரகசிய எண் அம்மாவின் தலைக்குள். நம் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம் என்பது கொடுப்பவருக்குப் புத்தி தெளிவாக இருந்து, என்ன கொடுக்கிறோம் என்று புரிந்து கொடுக்க வேண்டியது. விழுந்த பிறகு அதைக் கொண்டு போய் நீட்ட முடியாது. புத்தி தவறியவர் என்று ஆகிவிட்டால் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி நீதிமன்றம் போய் ஆள் நியமிக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு தனி. அம்மாவுக்குப் புரிதல் இருந்ததால் அந்த அளவுக்குப் போகவில்லை. இடது கைப் பெருவிரல் ரேகையோடு சில மாதம் கழித்துக் காரியம் முடிந்தது. பெற்றோர் நடமாடும்போதே ஒரு கணக்கையாவது இருவர் பெயரில், யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற முறையில் திறந்து வைத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

சரி, இப்போது பணக் கணக்கு. கூட்டைத் தொடர்ந்து நடத்தச் சொன்னார்கள் பலர். "நீ வசூல் பண்ணு, நாங்க கட்டுறோம்." நான் மறுத்தேன். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் நிறுத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பணம் எடுக்காத பதினொரு பேர் ஆளுக்கு 2,700 கட்டியிருந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது 29,700. பணம் எடுத்த ஒன்பது பேர் ஆளுக்கு இன்னும் 3,300 கட்ட வேண்டும். அதுவும் 29,700. காகிதத்தில் சரியாக நேராகிறது. எடுத்தவர்களிடம் வாங்கி எடுக்காதவர்களுக்குக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. காகிதத்தில்.

எடுத்த ஒன்பது பேரில் ஐந்து பேர் தங்கம். மாதாமாதம் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஒருவர் வீட்டை காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார், நம்பர் வேலை செய்யவில்லை. ஒருவர் அம்மாவிடம் முன்கூட்டியே முழுசும் கட்டிவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர், போன கூட்டில் அம்மா தனக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கிறது, அதற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்றார். மூன்று பேர், 9,900 வெள்ளி. அம்மாவின் பங்கு 3,300. மொத்தம் 13,200. அம்மாவின் பங்கைப் பற்றி எனக்கு வாதம் இல்லை, அந்தக் கூரைக்குக் கீழேதான் நானும் படுக்கிறேன். மற்றது?

"நீ ஏன் கட்டுற? நீயா கையெழுத்துப் போட்ட?" என்றாள் அக்கா. தம்பி, "விட்டுடுக்கா, வந்தவங்க நாலு நாள் கத்திட்டு போயிருவாங்க" என்றான். இரண்டு பேரும் இந்த ஊரில் சாயந்திரம் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் இல்லை.

ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரைக்கும் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை போடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆளுக்கு 3,300 தானே, போட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் போனேன். அவர்தான் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று ஒன்று 1971-லிருந்து இருக்கிறது என்று சொன்னார். கூட்டைத் தொழிலாக நடத்துவது இந்த நாட்டில் குற்றம். அம்மா செய்தது தொழிலா, அக்கம்பக்கத்து உதவியா என்று வாதாடலாம், ஆனால் வாதாட வேண்டிய இடத்தில் போய் நிற்கப்போவது அம்மா, அந்த மூன்று பேர் இல்லை. போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் அதுவே யோசனை. நான் பேசாமல் எழுந்து வந்தேன். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் கட்டுகிற கூட்டு, கோயில் தலைவர் வீட்டிலும் நடக்கிற கூட்டு, நடத்துகிறவருக்கு மட்டும் காலடியில் ஒரு குழி இருக்கிறது என்று அவரவர் விழுந்த பிறகுதான் தெரிய வருகிறது.

தீபாவளி அன்று யாரும் வரவில்லை. அது வந்ததைவிட மோசமாக இருந்தது. அம்மா மேல் எனக்குக் கோபம். படுத்துக் கிடக்கிறவர் மேல் கோபப்படுகிறோமே என்று அதன் மேல் இன்னொரு கோபம். கஞ்சி ஊட்டும்போது கரண்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்திருக்கிறேன்.

படம் வந்த கதை இப்போதுதான். பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பேச்சு வராதவர்களுக்குச் சில சமயம் பாட்டு வரும், நன்றாகத் தெரிந்த பழைய பாட்டாகப் போடுங்கள் என்று. அம்மாவுக்குத் தெரிந்த பாட்டு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 'மகாநதி'. 1994 பொங்கலுக்கு வந்த படம். சந்தான பாரதி இயக்கி, கமல் நடித்தது, இளையராஜா இசை. எங்களுக்கு வீடியோ கேசட்டில்தான் வந்தது. லயத்தில் டெக் இருந்த வீட்டின் முன்வாசல் ஐந்தடியில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு அப்போது 14 வயது. மகள் காவேரியாக நடித்த பெண்ணுக்கும் கிட்டத்தட்ட என் வயது இருக்கும் என்று தோன்றியது, அதனாலேயே அந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்தான் பிறகு பெரிய பாடகியான மகாநதி ஷோபனா. ஸ்ரீரங்க ரங்கநாதனின் என்று ஆரம்பிக்கும் பாட்டை அம்மா கணக்கு எழுதும்போது முனகிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு ஃபோனில் போட்டேன். இரண்டாவது வரியிலேயே சேர்ந்துகொண்டார். வார்த்தை தெளிவாக இல்லை, ராகம் பிசகவில்லை. நான் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

சரி, படத்தையே போடுவோம் என்று டிவியில் போட்டேன். ஊர், ஆறு, பொங்கல் எல்லாம் அம்மா பார்த்தார். சீட்டுக் கம்பெனி ஆரம்பிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்த்தது நான் மட்டும்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கும்பகோணத்துப் பக்கம் கிராமத்தில் மனைவியை இழந்த கிருஷ்ணசாமி, மாமியாரோடும் மகள் காவேரி, மகன் பரணியோடும் குறையில்லாமல் இருக்கிறான். சென்னையிலிருந்து வரும் தனுஷ் என்பவன் சீட்டு நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேரச் சொல்கிறான். கொச்சின் ஹனீபா செய்த வேஷம் அது. பணத்தைச் சுருட்டுபவர்கள் வேறு, சிறைக்குப் போவது கிருஷ்ணசாமி. அவன் உள்ளே இருக்கும்போது வெளியே குடும்பம் சிதறுகிறது. மகளைக் கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் போய்க் கண்டுபிடிக்கிறான். அந்தப் படத்துக்குத் தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அதை விடுங்கள், மகள் தூக்கத்தில் பேசுகிற அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்கள் விருதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இத்தனை வருஷமும் எனக்கு இது ஒரு அப்பா, மகள் கதை. ஏமாற்றியவன் கெட்டவன், ஏமாந்தவன் நல்லவன், கடைசியில் கணக்குத் தீர்க்கிறான். ஆஸ்ட்ரோ டிவியில் போடும்போதெல்லாம் பார்ப்பேன், முதல் பாதியில் துணி மடிப்பேன், சிறை வந்ததும் உட்காருவேன். இந்தத் தடவை முதல் பாதியை எழுந்திருக்காமல் பார்த்தேன். கிருஷ்ணசாமி முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். இது என் ஞாபகத்திலேயே இல்லை. வெளிநாட்டு நண்பன் குடும்பத்தோடு வந்து தங்கிப் போன பிறகுதான் மனசு மாறுகிறது. நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாமா என்று. பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோலாலம்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் போன பிறகு ஒழுகுகிற கூரையை அண்ணாந்து பார்க்கிற அம்மாவை எனக்குத் தெரியும். 100 வெள்ளிக் கூட்டு 300 ஆனதும் அப்படி ஒரு தீபாவளிக்கு அப்புறம்தான்.

ஊரில் இருந்தவரை கிருஷ்ணசாமியின் நல்ல பெயருக்கு அர்த்தம் இருந்தது. எல்லாருக்கும் அவனைத் தெரியும், அவனுக்கும் எல்லாரையும் தெரியும். அதே பெயரை எடுத்துக்கொண்டு போய், ஒருவரையும் தெரியாத ஊரில், ஒரு கம்பெனிப் பெயர்ப்பலகைக்குக் கீழே வைக்கிறான். படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் அதைத்தானே செய்தார். லயத்துக் கூட்டைக் காப்பாற்றியது அம்மாவின் நேர்மை என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். காப்பாற்றியது லயம். பெரட்டும் தண்ணீர்ப் பைப்பும் ஒரே சம்பள நாளும்தான் ஜாமீன். அவை போன பிறகு அம்மாவின் நேர்மை அப்படியே இருந்தது, ஜாமீன் இல்லாமல்.

அப்புறம் இன்னொன்று. சீட்டில் பணம் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? கதை அவர்களோடு போகவே இல்லை. நாம் கிருஷ்ணசாமியோடு சிறைக்குள் போய்விடுகிறோம். அங்கே பூர்ணம் விஸ்வநாதன் இருக்கிறார், அவர் மகளாக நடிக்கும் சுகன்யா இருக்கிறார், நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. பணம் போட்ட ஒருவருக்கும் பெயர் கிடையாது. படத்தைக் குறை சொல்லவில்லை, யாருடைய கதை என்று முடிவு செய்துவிட்டால் அப்படித்தான் எடுக்க முடியும். ஆனால் நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். என் கதையில் அம்மா, நான், எங்களைக் கைவிட்ட அக்கா, தம்பி. வாசலில் வந்து நிற்பவர்கள் வெறும் கூட்டம். பச்சை கேட், டிரைவர் வீடு. கிருஷ்ணசாமி நல்லவன்தான், அவனை நம்பியவர்களின் பணமும் போனதுதான். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நல்லவரா, ஏமாளியா என்று ராத்திரியெல்லாம் ஓடிய வழக்கு அன்றைக்குத் தள்ளுபடி ஆயிற்று. மறுநாள் கரண்டி மெதுவாகப் போனது.

ஒரு எச்சரிக்கை. பணம் போன சமயத்தில் இந்தப் படத்தைத் தனியாக, அதுவும் ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்காதீர்கள். சோனாகாச்சிப் பகுதியை நான் அன்றைக்கு ஓட்டிவிட்டேன், இரண்டு நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னொரு விஷயம், படத்தில் இருப்பதுபோல நம் கதையில் ஒரு வில்லன் இருப்பான் என்று தேடினால் கிடைக்க மாட்டான். முழுசும் கட்டிவிட்டேன் என்று சொன்ன அந்தப் பெண்மணியின் கணவர் வாரம் மூன்று தடவை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். அந்தப் பெண்மணி சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கோயிலில் பார்த்தால் இரண்டு பேரும் விபூதியில் கவனமாக இருப்போம்.

படம் பார்த்த பிறகு நான் செய்த காரியம் பதினொரு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்ததுதான். தனித்தனியாக வரும்போது ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேருக்கும் பணம் போய்விட்டது, தனக்கு மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாக உட்கார வைத்து, பெரிய தாளில் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டினேன். யார் பெயரையும் திட்டவில்லை, வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, குறைவது இவ்வளவு. அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூடத்தில் உட்கார வைத்தேன். அக்கா ஃபோனில், ஏன் அம்மாவை அவமானப்படுத்துகிறாய் என்றாள். அம்மா உள்ளறையில் கிடந்தால்தான் அவமானம் என்று எனக்குப் பட்டது. பிறகு ஒவ்வொருவரிடமும் இந்தப் பணம் எதற்கு என்று கேட்டேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் உடனே கட்ட வேண்டியவர் ஒருவர், பள்ளி வேனின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்பவர் ஒருவர். அவர்களுக்கு முதலில் என்று மற்றவர்களே சொன்னார்கள். இரண்டு பேர், அம்மா எழுந்து நடக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். சத்தம் போட்டவரும் இருந்தார், இல்லாமல் இல்லை. அவருக்கும் சேர வேண்டியது சேர்ந்தது, கடைசியாக.

பணம் கொடுக்கும்போது வங்கி வழியாகவே கொடுத்தேன். கையில்தான் வேண்டும் என்றவர்களிடம் பெயர், தேதி, தொகை எழுதி இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினேன், ஆளுக்கொன்று. "என்னம்மா, நம்ம ஆளுக்குள்ள இதெல்லாமா?" என்று சிரித்தார்கள். நம் ஆளுக்குள் எழுதி வைக்காததால்தான் சுழிக்கு மேல் கோட்டுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

13,200 வெள்ளிக்கு நான் எங்கே போனேன் என்று கேட்பீர்கள். ஊழியர் சேமிப்பு நிதியில் 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறதே, அதில் எந்த நேரத்திலும் எடுத்துக்கொள்ளலாம், அதிலிருந்து 3,000. என் கையிருப்பு 3,200. வளையலை உரிமம் உள்ள அடகுக் கடையில் வைத்து 4,500. மாதம் 2 விழுக்காடு வட்டி, அதாவது 90 வெள்ளி, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மீதி 2,500-ஐக் காத்திருக்கிறோம் என்றவர்களுக்கு மாதாமாதம் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். அந்தச் சமயத்தில் எங்கிருந்துதான் தெரிந்துகொள்வார்களோ, ஒரு நாளில் பணம், அடையாள அட்டை மட்டும் போதும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி மேல் செய்தி வந்தது. அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிக்காது. மாதத்துக்கு இருபது, முப்பது என்று பேசுகிறவர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கடன் பல பக்கம் இழுத்தால் ஏ.கே.பி.கே. என்கிற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. எனக்குத் தேவைப்படவில்லை, என்னோடு வேலை செய்பவர் போய்ப் பலன் பெற்றார்.

மூன்று பேரில், போன கூட்டுப் பாக்கி என்று சொன்னவர் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 கொடுத்தார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா 1,000 அனுப்பினாள், கூடவே ஒரு நீண்ட குரல் செய்தி. தம்பி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். அம்மா இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறார், பாட்டு நாலைந்து வந்துவிட்டது, என் பெயரைச் சொல்கிறார், சமயத்தில் அக்காவையும் என் பெயரால் கூப்பிடுகிறார்.

போன மாதம் பச்சை கேட் அக்கா வந்திருந்தார். "நீ கணக்கை எவ்வளவு சுத்தமா முடிச்ச, நீயே ஒரு கூட்டு ஆரம்பியேன், நாங்க எல்லாம் சேர்றோம்" என்றார். முடியாது என்றேன். அப்படியென்றால் பக்கத்துத் தாமானில் 500 வெள்ளிக் கூட்டு ஒன்று ஆரம்பிக்கிறார்களாம், சேரலாமா என்றார். சேராதீர்கள் என்றேன், சேர்ந்துதான் ஆவேன் என்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று முழுப் பெயரோடு பட்டியல் கேளுங்கள், கட்டுவதை வங்கி வழியாகக் கட்டுங்கள், நடத்துகிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் புத்தகம் யார் கைக்குப் போகும் என்றும் கேளுங்கள் என்றேன். பட்டியலை மட்டும் கேட்டாராம். "ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வந்ததாம். சேர்ந்துவிட்டார்.